ஆர்ஜிபி லென்ஸ்: உடையவில்லை என்றாலும் ஏன் மாற்ற வேண்டும்?

ஆர்ஜிபி லென்ஸ், அதாவது ஆக்சிஜன் ஊடுருவும் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களிடம் "இந்த ஜோடி எப்போது வாங்கியது?" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குச் சட்டென்று பதில் வராது. மூன்று வருடம் இருக்கலாம், நாலும் இருக்கலாம், நடுவில் வலது லென்ஸ் தொலைந்து அது மட்டும் புதிது, இடது இன்னும் பழையதுதான் என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். சாஃப்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. ஒரு நாள், இரண்டு வாரம், ஒரு மாதம் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும், கெடு முடிந்தால் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். ஆர்ஜிபிக்கு அப்படி யாரும் தேதி அச்சடித்துத் தருவதில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் கிழிசல் இல்லை, விரிசல் இல்லை, போட்டால் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, அப்புறம் எதற்கு மாற்றுவது? நியாயமான கேள்விதான். பதிலில் பாதி லென்ஸில் இருக்கிறது, மீதி அதற்கு அடியில் இருக்கும் கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிவான படலமான கார்னியாவில், இருக்கிறது. கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பித்தால் புரியும்.

ஆர்ஜிபிக்கு முன்னால் இருந்தது பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்த ஹார்ட் லென்ஸ். கருவிழியின் மேல் மட்டும் உட்காரும் சின்ன பிளாஸ்டிக் லென்ஸை 1948-ல் அமெரிக்காவில் கெவின் டூஹி கொண்டுவந்தார். அதற்கு முன்பு வெண்விழி வரைக்கும் மூடுகிற பெரிய லென்ஸ்கள்தான், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவற்றைக் கண்ணாடியிலேயே செய்தார்கள். பிஎம்எம்ஏ ஒரு விதத்தில் அருமையான பொருள். கடைவதற்கு எளிது, ஒளி நன்றாக உள்ளே போகும், லேசில் கீறல் விழாது, வருடக்கணக்கில் வைத்திருந்தாலும் வளையாது. அதில் இருந்த ஒரே பெரிய கோளாறு, ஆக்சிஜன் அதன் வழியாகப் போகவே போகாது. கருவிழியில் ரத்தக் குழாய்கள் கிடையாது, இருந்தால் அது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க முடியாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. பிஎம்எம்ஏ போட்ட கண்ணுக்கு, ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் லென்ஸுக்கு அடியில் புகுந்த கண்ணீர் கொண்டுவந்த ஆக்சிஜன் மட்டுமே கதி. அதனால் நாள் முழுக்கப் போட்டால் கருவிழி வீங்கும், மாலையில் கழற்றிவிட்டுக் கண்ணாடி மாட்டினாலும் நெடுநேரம் எல்லாம் மங்கலாகவே தெரியும்.

1970-களில் அக்ரிலிக்கோடு சிலிக்கோனைச் சேர்த்தார்கள், பிறகு 1980-களில் ஃப்ளோரினும் சேர்ந்தது. இன்றைக்குப் போடுகிற ஆர்ஜிபி பெரும்பாலும் இந்தக் கலவைதான். சிலிக்கோன் ஆக்சிஜனுக்கு வழி விடுகிறது. ஆனால் கண்ணீரில் உள்ள படிவுகளையும் அதுவே இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். ஃப்ளோரின் அந்த ஒட்டலைக் குறைத்து, கண்ணீர் லென்ஸ் மேல் பரவ உதவுகிறது. பழைய அக்ரிலிக் பங்கு கெட்டித்தன்மைக்கு. இதில் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். ஆக்சிஜன் நன்றாகப் போக வேண்டும் என்று சிலிக்கோனைக் கூட்டினால் லென்ஸ் கொஞ்சம் மிருதுவாகிவிடும், கீறல் சீக்கிரம் விழும், அழுத்தினால் வளையும். பிஎம்எம்ஏ லென்ஸை ஐந்தாறு வருடம் போட்டவர்களின் கதையைக் கேட்டுவிட்டு அதையே இன்றைய லென்ஸிடம் எதிர்பார்ப்பது இதனால்தான் சரிவராது. பார்க்க ஒன்று போல இருந்தாலும் பொருள் வேறு.

ஆக்சிஜன் எவ்வளவு போகும் என்பதற்கு டிகே என்று ஓர் எண் சொல்வார்கள், லென்ஸின் தடிமனையும் கணக்கில் சேர்த்தால் அது டிகே/டி. 1984-ல் ஹோல்டனும் மெர்ட்ஸும் வெளியிட்ட ஆய்வில், பகலில் மட்டும் போடும் லென்ஸால் கருவிழி வீங்காமல் இருக்க டிகே/டி 24 வேண்டும், போட்டுக்கொண்டே தூங்கினால், தூக்கத்தில் இயல்பாகவே வரும் வீக்கம் கூடாமல் இருக்க 87 வேண்டும் என்று கணக்கிட்டார்கள். டிகே 60 உள்ள பொருளில் 0.15 மி.மீ. தடிமனில் ஒரு லென்ஸ் செய்தால் டிகே/டி 40 வருகிறது, பகல் நேரத்துக்கு அது தாராளம். ஆகவே டிகே 100-க்கு மேல் உள்ளதுதான் சிறந்த லென்ஸ் என்று எண்ணை மட்டும் பார்த்துத் துரத்த வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். இரவில் போட்டுத் தூங்கும் ஆர்த்தோ-கே லென்ஸுக்கு அந்த எண் அவசியம். மற்றவர்களுக்கு, கொஞ்சம் குறைந்த டிகேயில் நன்றாக நனைகிற, வளையாமல் நிற்கிற லென்ஸ் பல நேரம் மேல்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு ஹார்ட் லென்ஸ் ஏன் போட வேண்டும்? பார்வையின் தரத்துக்காக. சாஃப்ட் லென்ஸ் கருவிழியின் மேல் படிந்து அதன் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும், கருவிழி கோணலாக இருந்தால் லென்ஸும் கோணலாகத்தான் உட்காரும். ஆர்ஜிபி வளையாமல் நிற்பதால் அதற்கும் கருவிழிக்கும் நடுவில் உள்ள இடத்தைக் கண்ணீர் நிரப்புகிறது, குண்டும் குழியுமான தரையில் தண்ணீர் ஊற்றினால் மேல்மட்டம் சமமாகிவிடுவது போல. கண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.336, கருவிழியுடையது 1.376. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கருவிழியின் முன்பரப்பில் உள்ள கோணலில் பத்தில் ஒன்பது பங்கு ஒளிக்குத் தெரியாமலே போய்விடுகிறது. கருவிழி ஒரு திசையில் மட்டும் அதிகம் வளைந்திருப்பதால் வரும் சிலிண்டர் பவருக்கு ஆர்ஜிபி நன்றாக வேலை செய்வதும், கருவிழி கூம்பு போல மெலிந்து துருத்தும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்குக் கண்ணாடியால் கிடைக்காத பார்வை இதில் கிடைப்பதும் இந்தக் கண்ணீர்ப் படலத்தால்தான். சிலிண்டர் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸிலிருந்து வந்தால் இந்த வித்தை பலிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாதாரண ஆர்ஜிபியின் விட்டம் 9 முதல் 10 மி.மீ. வரை. கருவிழியே சுமார் 11.5 முதல் 12 மி.மீ. இருக்கும், ஆக லென்ஸ் அதைவிடச் சின்னது. சாஃப்ட் லென்ஸ் 14 மி.மீ. பக்கம் வரும். சின்னதாக இருப்பதால் ஒவ்வொரு இமைப்பிலும் லென்ஸ் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்து திரும்பி வரும், அந்த அசைவில் அடியில் இருக்கும் கண்ணீர் மாறும். ஆரம்பத்தில் உறுத்துவதற்கும் இதுவேதான் காரணம். லென்ஸ் கருவிழியைக் குத்துகிறது என்று நினைப்பார்கள், உண்மையில் பெரும்பாலும் இமையின் உள்விளிம்பு லென்ஸின் ஓரத்தில் இடறும்போது வருகிற உணர்வு அது. கீழே பார்த்தால் உறுத்தல் குறைவதையும் மேலே பார்த்தால் கூடுவதையும் புதிதாகப் போடுபவர்கள் உடனே கவனிப்பார்கள்.

பழகுவதற்குப் பொதுவாகச் சொல்லும் முறை, முதல் நாள் 2 முதல் 4 மணி நேரம், அப்புறம் தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் கூட்டிக்கொண்டே போவது. சிலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும், சிலருக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். இதில் பலர் செய்கிற தவறு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டுப் பார்ப்பது. இமை தொடர்ச்சியாகப் பழகினால்தான் அந்த உணர்வு அடங்கும், விட்டு விட்டுப் போட்டால் ஒவ்வொரு தடவையும் முதல் நாள்தான். பல வருடம் போட்டவர்கள்கூட ஒரு வாரம், பத்து நாள் நிறுத்திவிட்டால் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். இன்னொரு விஷயம், உறுத்துகிறதே என்று கண்ணை அரைகுறையாக இமைக்கும் பழக்கம். இமை முழுக்க மூடாவிட்டால் லென்ஸுக்கு இரண்டு பக்கமும், அதாவது கடிகாரத்தில் 3 மணியும் 9 மணியும் இருக்கும் இடத்தில், கருவிழி காய்ந்துபோகும். அந்த இடத்துக்கு நேராக வெண்விழி சிவந்திருப்பது வெளியிலிருந்தே தெரியும். வேண்டுமென்றே முழுதாக இமைத்துப் பழகினால் ஓரளவு குறையும், லென்ஸின் ஓரம் தடிப்பாக இருந்தால் அதை மாற்றித்தான் தீர வேண்டும்.

தூசி விஷயத்தில் ஆறுதலாக எதுவும் சொல்வதற்கில்லை. காற்றில் வரும் ஒரு துகள் லென்ஸுக்கு அடியில் போய்விட்டால் கண்ணைத் திறக்க முடியாது. உடனே கழற்றிக் கழுவிப் போட வேண்டியதுதான், தேய்க்கக் கூடாது, தேய்த்தால் அந்தத் துகள் கருவிழியில் கோடு கிழிக்கும். சொல்யூஷன் ஒரு சின்ன பாட்டிலும் டப்பாவும் பையில் எப்போதும் இருக்கட்டும்.

இனி தினசரிப் பராமரிப்பு. மாற்றும் காலம் சீக்கிரம் வருகிறதா தாமதமாக வருகிறதா என்பதைப் பாதி இதுதான் முடிவு செய்கிறது. ராத்திரி கழற்றியதும் கிளீனர் விட்டு உள்ளங்கையில் வைத்து விரல் நுனியால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தித் தேய்ப்பதுதான் இன்றைய மிருதுவான லென்ஸ்கள் வளைவதற்கும், சில சமயம் இரண்டாக உடைவதற்கும் காரணம். தேய்த்ததும் சலைனில் அலசி, ஆர்ஜிபிக்கென்றே இருக்கும் கண்டிஷனிங் சொல்யூஷனில் ஊறப்போட வேண்டும், சாஃப்ட் லென்ஸ் சொல்யூஷன் எல்லாம் இதற்கு ஒத்துவராது. டப்பாவில் நேற்றைய சொல்யூஷன் மிச்சம் இருக்கிறதே என்று அதன் மேலேயே ஊற்றி நிரப்பக் கூடாது, கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். வெந்நீர் வேண்டவே வேண்டாம், லென்ஸின் வடிவமே போய்விடும். சிலர் லென்ஸின் மேல் நனையும் தன்மைக்காகப் பூச்சு போட்டு வாங்குவார்கள், அப்படியானால் சொரசொரப்பான கிளீனரும் ஆல்கஹால் கலந்த கிளீனரும் கூடாது, அந்தப் பூச்சு உரிந்துவிடும்.

குழாய்த் தண்ணீரைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஹார்ட் லென்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் குழாயில் அலசினால் ஒன்றும் ஆகாது என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தவர்களே உண்டு, இன்றைக்கும் பழையவர்கள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். அக்கந்தமீபா என்ற ஓரணு உயிரி குழாய்த் தண்ணீர், கிணறு, நீச்சல் குளம் எங்கும் இருக்கும், தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை கட்டிக்கொண்டால் குளோரினும் அதை எளிதில் கொல்லாது. கருவிழியில் அது புகுந்தால் வலி கடுமையாக இருக்கும், சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும், பார்வை போகவும் போகலாம். அபூர்வமான நோய்தான், ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள். டப்பாவையும் சொல்யூஷனாலேயே கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து, மூன்று மாதத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது. வாயில் போட்டு எச்சிலால் நனைத்து மாட்டுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

கழற்றுவதற்குக் கண்ணின் வெளி ஓரத்தைக் காது பக்கம் இழுத்து இமைத்தால் வெளியே வந்துவிடும், ரப்பர் உறிஞ்சியும் வைத்துக்கொள்ளலாம். உறிஞ்சியைக் கண்ணில் வைக்கும் முன் லென்ஸ் அங்கேதான் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிடுங்கள், ஏற்கெனவே லென்ஸ் வெண்விழிக்கு நகர்ந்துபோன பிறகு வெறும் கருவிழியில் உறிஞ்சியை ஒட்டினால் நல்ல காயம் ஆகும். நகர்ந்துபோன லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். இமையின் உள்தோல் மடிந்து வெண்விழியோடு சேர்ந்திருப்பதால் அதற்கு வழியே இல்லை, இமைக்கு அடியில் எங்காவது ஒதுங்கியிருக்கும்.

இப்போது மாற்றும் கேள்விக்கு வருவோம். லென்ஸ் நாலு விதமாக மூப்படைகிறது. மேலே நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. அந்தக் கீறல்களில் கண்ணீரின் புரதமும் கொழுப்பும் போய் உட்காருகின்றன, கிளீனருக்கு அங்கே எட்டாது. ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு சில்லு பெயர்கிறது. மொத்த லென்ஸும் லேசாக வளைகிறது. கீறலும் படிவும் சேர்ந்தால் கண்ணீர் லென்ஸ் மேல் பரவாமல் திட்டுத் திட்டாக விலகும். இமைத்ததும் தெளிவு, அடுத்த நொடி மங்கல், மறுபடி இமைத்தால் தெளிவு என்று ஒரு மாதிரி போய்க்கொண்டிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இரவில் எதிரே வரும் வண்டி வெளிச்சம் சிதறுவதும் மாலையில் கண் கரகரப்பதும் கூடவே வரும். பழைய பிஎம்எம்ஏ காலத்தில் கீறல் விழுந்த லென்ஸை மெருகேற்றித் திருப்பித் தருவார்கள், இன்றைய உயர் டிகே லென்ஸ்களில், அதுவும் பூச்சு போட்டதில், அதற்கு அநேகமாக இடமில்லை.

வளைவுதான் ஆள் ஏமாறும் இடம். அதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது, அளக்கும் கருவியில் வைத்தால் மட்டும் தெரியும். ஆர்ஜிபியின் உள்வளைவைப் பேஸ் கர்வ் என்பார்கள், 7.80 மி.மீ. என்பது போல இரண்டு தசம இடம் வரைக்கும் எழுதுவார்கள். அது 0.05 மி.மீ. மாறினாலே அடியில் இருக்கும் கண்ணீர்ப் படலத்தின் பவர் சுமார் 0.25 மாறிவிடும். லென்ஸ் ஒரு திசையில் மட்டும் வளைந்தால் இல்லாத சிலிண்டர் புதிதாக வந்து சேரும். இது ஒரே நாளில் நடப்பதில்லை, மாதக்கணக்கில் மெதுவாக நடக்கிறது, போட்டிருப்பவருக்கு அதனால் ஒன்றும் தெரியாது, "எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது" என்பார். நேற்றோடு ஒப்பிட்டால் உண்மைதான், லென்ஸ் வாங்கிய மாதத்தோடு ஒப்பிட அவரிடம் எதுவும் இல்லை.

இதைவிட முக்கியமானது கருவிழியும் சேர்ந்து மாறுவது. சரியாகப் பொருந்தாத லென்ஸ் தொடர்ந்து ஒரே இடத்தில் அழுத்தினால் கருவிழி அதற்கேற்ப வடிவம் மாறும். லென்ஸ் எப்போதும் மேலே ஏறியே உட்கார்ந்தால் மேல்பகுதி தட்டையாகி, கீழ்ப்பகுதி துருத்தி, கருவிழியின் வரைபடத்தில் பார்க்கும்போது கெரட்டோகோனஸோ என்று சந்தேகம் வருகிற அளவுக்குப் போவதும் உண்டு. லேசர் அறுவைக்கு முன் ஹார்ட் லென்ஸ் போடுபவர்களை வாரக்கணக்கில் நிறுத்தச் சொல்வது இந்த உருமாற்றம் அடங்கி உண்மையான அளவு தெரியட்டும் என்றுதான். லென்ஸைக் கழற்றியதும் கண்ணாடியில் பார்வை நெடுநேரம் மங்கலாகவே இருந்தால் கருவிழி லென்ஸின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அதைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள், தானாகச் சரியாகும் என்று விடாதீர்கள்.

பழைய லென்ஸின் எண்களை அப்படியே கொடுத்து "இதே மாதிரி இன்னொரு ஜோடி" என்று ஆர்டர் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லாததும் இதனால்தான். அந்த எண்கள் அன்றைய கண்ணுக்கானவை. ஒரு வருடத்துக்குள் தொலைந்தது, இடையில் கண் பரிசோதனையும் நடந்திருக்கிறது என்றால் பரவாயில்லை, அதே அளவில் வாங்கலாம். மூன்று வருடம் ஆகிவிட்டது என்றால் கருவிழியைப் புதிதாக அளந்து, லென்ஸைக் கண்ணில் போட்டு, ஃப்ளூரசின் சாயம் விட்டு நீல ஒளியில் பார்க்க வேண்டும். லென்ஸ் எங்கே தொடுகிறது, கண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது பச்சையாகவும் கருமையாகவும் அதில் தெரிந்துவிடும். பழைய லென்ஸைக் கழற்றிய சூட்டோடு அளந்தால் அந்த லென்ஸ் அழுத்திய வடிவத்தைத்தான் அளப்பீர்கள். அதனால் மருத்துவர் சில நாளோ சில வாரமோ கண்ணாடியோடு இருக்கச் சொன்னால் முனகாமல் கேட்டுக்கொள்வது உத்தமம். கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கு லென்ஸ் இல்லாமல் அன்றாட வேலையே ஓடாது. அவர்களிடம் அப்படிச் சொல்ல முடியாமல் போகலாம், சோதனை லென்ஸைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள்.

எத்தனை வருடம் என்று ஒரே எண்ணாகக் கேட்டால், ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்வதுதான் பரவலான வழக்கம். கண்ணீரில் படிவு அதிகம் உள்ளவர்களுக்கும், ஆர்த்தோ-கே போடுபவர்களுக்கும் ஒரு வருடம். நன்றாகப் பராமரித்தவருடையது மூன்று வருடம்கூட நிற்கும், ஆனால் நிற்கிறது என்று லென்ஸை அளந்து பார்த்தவர் சொல்ல வேண்டும், போட்டிருப்பவர் சொல்லக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டப் போகும்போது லென்ஸையும் கழற்றிக் கொடுத்து, கீறலும் பேஸ் கர்வும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் பார்ப்பதில்லை.

ஒரு பக்க லென்ஸ் மட்டும் தொலைந்தால்? அது மட்டும் வாங்கினால் போதும், இரண்டும் ஒரே வயதில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எந்தப் பக்கம் எப்போது வந்தது என்று மட்டும் டப்பாவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். வலது இடது மாறிப்போகாமல் இருக்க வலது லென்ஸில் ஒரு புள்ளி வைத்தோ, இரண்டுக்கும் வேறு வேறு நிறச் சாயலிலோ கேட்டு வாங்கலாம், பச்சை வலதுக்கும் நீலம் இடதுக்கும் என்பது பரவலாக இருக்கிற ஏற்பாடு.

புது ஜோடி முதல் வாரம் பழையதைவிட மோசமாக இருப்பதாகத் தோன்றலாம், பலர் அதோடு அதை மூலையில் போட்டுவிட்டுப் பழையதற்கே திரும்பிவிடுகிறார்கள். கடைந்தபோது ஒட்டிய மெழுகு போன்ற பொருள் சரியாகப் போகாமல் இருந்தால் புது லென்ஸ் நனையாது. நன்றாகச் சுத்தம் செய்து ஓர் இரவு ஊறப்போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓரத்தின் வடிவம் லேபுக்கு லேப் வேறுபடும், இமை அதற்கும் பழக வேண்டும். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளேயே பேஸ் கர்வ் 0.05 மி.மீ. அங்கே இங்கே இருக்கலாம், மேலே சொன்ன கணக்குப்படி அது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்தான். ஓரிரு வாரம் போட்டும் பார்வை சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொண்டு போய் லென்ஸை அளக்கச் சொல்லலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் லென்ஸைக் கழற்றிய பிறகும் வலி, சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம், மங்கல் இவற்றில் எதுவும் தொடர்ந்தால் அது பழகும் விஷயமே இல்லை, அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதுவரை லென்ஸ் போடக் கூடாது.

இந்த லென்ஸ்களை அநேகமாக ஒவ்வொருவர் அளவுக்கும் கடைந்துதான் தருகிறார்கள், கடையில் போய் அன்றே வாங்கிவர முடியாது. அதனால் மாற்றிய பழைய ஜோடி அளவில் தேறினால் அதைத் தூக்கிப் போடாமல் மாற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். நன்றாகச் சுத்தம் செய்து அலசி, மெல்லிய துணியால் ஒற்றி, ஈரமில்லாமல் டப்பாவில் மூடி வைத்தால் போதும், சாஃப்ட் லென்ஸ் போல எப்போதும் திரவத்தில் கிடக்க வேண்டியதில்லை. திரும்ப எடுக்கும்போது கிளீனரில் தேய்த்துவிட்டு, ஒரு நாள் முன்னதாகவே கண்டிஷனிங் சொல்யூஷனில் ஊறப்போட்டால்தான் மேற்பரப்பு மறுபடி நனையும். கண்ணாடியும் இன்றைய பவரில் ஒன்று இருக்கட்டும். லென்ஸ் போடுபவர்களின் கண்ணாடி பெரும்பாலும் பத்து வருடப் பழையதாகவே இருக்கிறது.